பண்ட் அடித்தது குற்றமா?

2022 செப்டம்பர் 3-ம் தேதி அயோவா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்ற கணக்கில் வென்றது. அமெரிக்கன் ஃபுட்பாலில் 7 என்றால் ஒரு டச் டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லையைத் தாண்டுவது) அதைத் தொடர்ந்த உதையும் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அன்று கதை வேறு. ஒரு ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. மீதி நான்கையும் சம்பாதித்தது அயோவாவின் டிஃபென்ஸ். பந்தை வைத்திருக்கும் எதிரணிக்காரரை அவருடைய எல்லைக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கி விழுத்தினால் சேஃப்டி, 2 புள்ளி. அன்று அது இரண்டு முறை நடந்தது. அயோவாவின் ஆஃபென்ஸ் அறுபது நிமிட ஆட்டத்தில் நகர்ந்தது வெறும் 166 யார்டு. பண்டர் டோரி டெய்லர் பத்து முறை பந்தை உதைத்து அனுப்பினார். சொந்த மைதானத்தில், ஜெயித்துக்கொண்டிருந்த தங்கள் அணியைப் பார்த்து, ரசிகர்களே ஊளையிட்டார்கள்.

தோற்ற அணியை ஏசுவது எல்லா ஊரிலும் உண்டு. ஜெயித்த அணியை ஏசும் இந்தக் கோபம் வேறு ரகம். கோச் கர்க் ஃபெரன்ட்ஸ் ஆட்டத்தைத் தொடை நடுங்கியே நடத்துகிறார், நாலாவது முயற்சி என்றாலே பண்ட் அடிக்கச் சொல்லிவிடுகிறார், ஆஃபென்ஸைத் தன் மகன் கையில் கொடுத்துவிட்டு ஊரையே தண்டிக்கிறார் என்பது அப்போதைய அயோவா ரசிகரின் குற்றச்சாட்டு. அந்த மாநிலத்தில் இதைக் கேட்காமல் ஓர் இலையுதிர் காலம் போனதில்லை. இதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் ஆற்றாமை என்று நிறுத்துப் பார்க்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள்; அதற்குள் 10 யார்டு முன்னேறினால் இன்னொரு நான்கு கிடைக்கும். மூன்றில் முடியவில்லை என்றால் கோச் ஒரு முடிவெடுக்க வேண்டும். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் ஃபீல்டு கோல் உதைக்கலாம். இல்லையென்றால், துணிந்து நாலாவது முயற்சியை ஆடலாம், அல்லது பந்தைத் தூர உதைத்து எதிரணியை அதன் எல்லை ஓரத்துக்குத் தள்ளலாம். கடைசியாகச் சொன்னதுதான் பண்ட். துணிந்து ஆடித் தவறினால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். கோச்சின் தைரியத்தைக் கூட்டம் எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

கல்லூரி அணிதானே, இதற்கு இவ்வளவா என்று தோன்றலாம். அயோவாவில் சுமார் 32 லட்சம் மக்கள். தொழில்முறை ஃபுட்பால் அணி ஒன்றுகூட இல்லை. கின்னிக் ஸ்டேடியத்தில் 69,250 பேர் உட்காரலாம். 1939-ல் கல்லூரி ஃபுட்பாலின் உயரிய விருதான ஹைஸ்மன் விருதை வாங்கிய நைல் கின்னிக் என்ற மாணவரின் பெயர் அதற்கு. முதல் கால்பகுதி முடிந்ததும் அத்தனை கூட்டமும் எழுந்து, பக்கத்திலேயே நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்துக் கை அசைக்கும். 2017-ல் தொடங்கிய வழக்கம் இது. அணி எவ்வளவு எரிச்சலூட்டினாலும் ரசிகர் டிக்கெட் வாங்குவதை நிறுத்தாததற்கு இப்படி ஆட்டத்துக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. கோச்சின் ஆண்டுச் சம்பளம் 70 லட்சம் டாலர். 2022-ல் போட்ட ஒப்பந்தம் 2029 வரைக்கும். 1979-லிருந்து இங்கே ஹெட் கோச்சாக இருந்தவர்கள் இரண்டே பேர்: 1998 வரை ஹேடன் ஃப்ரை, 1999 முதல் ஃபெரன்ட்ஸ். மற்ற பல்கலைக்கழகங்கள் மூன்று நாலு ஆண்டுக்கு ஒருவரைத் துரத்திவிட்டு, துரத்தியதற்கே கோடிக்கணக்கில் பணம் கட்டும் காலத்தில் இது அபூர்வம்.

ஃபெரன்ட்ஸின் ஜாக்கிரதையை வெறும் பயம் என்று தள்ளுகிறவர்கள் 2004 அக்டோபர் 23-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். பென் ஸ்டேட்டின் மைதானத்தில் நடந்த ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் அயோவா 6-2 என்று முன்னால் இருந்தது. அயோவாவின் எல்லையை ஒட்டிப் பந்து மாட்டிக்கொண்டது. அங்கிருந்து பண்ட் அடித்தால் எதிரணி பாய்ந்து தடுத்துவிடலாம். தடுத்தால் அது டச் டவுனாகவே முடியலாம். ஃபெரன்ட்ஸ் வேண்டுமென்றே சேஃப்டி கொடுத்தார். எதிரணிக்கு 2 புள்ளியைத் தானாக எடுத்துத் தந்துவிட்டு, அதற்குப் பிறகு கிடைக்கும் தடையில்லாத உதையில் பந்தைத் தூர அனுப்பினார். 6-4. அந்தக் கணக்கிலேயே ஆட்டம் முடிந்தது. இரண்டு புள்ளி முன்னிலையில் நிம்மதியாக நிற்க, தன் டிஃபென்ஸ் மேல் எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று பாருங்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரணி பென் ஸ்டேட்டின் ஆஃபென்ஸ் அன்று எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு அது. எந்தப் புள்ளி எவ்வளவு விலை என்று தெரிந்த ஆளின் கணக்கு.

இந்தப் பாணிக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. நாட்டின் முதல்தர பள்ளி வீரர்கள் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் அலபாமாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போகிறார்கள். சின்ன மாநிலம், அதிலும் உள்ளூர்ப் பையன்களை மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டோடு பங்கு போட வேண்டும். ஆகவே ஃபெரன்ட்ஸ் மற்றவர்கள் கண்டுகொள்ளாத பையன்களைப் பிடித்து, மூன்று நாலு வருஷம் ஊறவைத்து, பெரிய ஆட்களாக்குகிறார். டைட் எண்ட் இடத்தில் ஆடிய டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபேன்ட் இருவரையும் 2019-ல் ஒரே ஆண்டில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தன் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தது. ஜார்ஜ் கிட்டில், ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ், கூப்பர் டிஜீன் எல்லாரும் இந்தப் பட்டறையில் தயாரானவர்களே. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கருக்கு 2023-ல் நாட்டின் சிறந்த உதவி கோச்சுக்கான ப்ராய்ல்ஸ் விருது கிடைத்தது. எதிரணியைவிடத் திறமைசாலிகள் குறைவாக இருக்கும்போது ஆட்டத்தைச் சிறிதாக்கு, தவறைக் குறை, எதிரி தடுமாறும்வரை காத்திரு என்பது அறிவுள்ள வழிதான். முதல் ஆண்டில் 1 வெற்றி, 10 தோல்வி என்று ஆரம்பித்தவர், 2002-ல் 11 வெற்றியும் 2015-ல் தோல்வியே இல்லாத வழக்கமான சீசனும் கண்டது இந்த வழியில்தான்.

டோரி டெய்லரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் மிக விசித்திரமான நாயகன் அவர்தான். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து வந்தவர்; அந்த நாட்டு ஃபுட்பாலில் பழகிய கால். பந்தை எதிரணி எல்லையிலிருந்து மூன்று நாலு யார்டில் விழவைத்து, உருளவிடாமல் நிறுத்துவார். 2023 சீசனில் 93 பண்ட், மொத்தம் 4,479 யார்டு. 1938-லிருந்து மிஷிகன் ஸ்டேட்டின் ஜான் பிங்கல் வைத்திருந்த 4,138 யார்டு சாதனையை முறியடித்தார். மாணவர் விசாவில் வந்தவர் என்பதால், மற்ற வீரர்களைப் போலத் தன் பெயரை விற்றுக் காசு பார்க்க முடியவில்லை. எஃப்-1 விசாவின் நெருக்கடி நம்மூர் மாணவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பண்ட் அடிப்பதே வெற்றி என்ற வாசகத்தோடு விற்ற சட்டைகளின் பணத்தைக் கருவிலேயே குழந்தைகள் இறப்பதைத் தடுக்கப் பாடுபடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார். ரசிகர்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து, பண்ட் அடித்த கோச்சையும் திட்டினார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே வாயில்.

இனி கோபத்தின் பக்கம். நாலாவது முயற்சியில் கோச்சுகள் தேவைக்கு மீறிப் பயப்படுகிறார்கள் என்பது ரசிகரின் பிதற்றல் மட்டும் இல்லை. பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1998 முதல் 2000 வரையிலான என்எஃப்எல் ஆட்டங்களின் முதல் கால்பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். நேர நெருக்கடியும் புள்ளி வித்தியாசமும் கணக்கைக் கெடுக்காத பகுதி அது. பண்டும் ஃபீல்டு கோலும் உதைத்த இடங்களில் பலவற்றில் துணிந்து ஆடியிருந்தால் சராசரியாக லாபம் கிடைத்திருக்கும் என்று காட்டினார். அதற்குப் பிறகு வந்த கணக்குகளும் பொதுவாக அதே திசையில்தான் போயிருக்கின்றன. கோச் ஏன் அப்படிச் செய்வதில்லை? உதைத்துத் தோற்றால் வீரர்களைக் குறை சொல்வார்கள். துணிந்து தோற்றால் கோச்சைத்தான் குறை சொல்வார்கள். இதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டாம்.

2023 அக்டோபர் 14 அன்று ஆரிகன் அணியின் கோச் டான் லானிங்குக்கு இதுதான் நேர்ந்தது. வாஷிங்டனுக்கு எதிராக மூன்று முறை நாலாவது முயற்சியைத் துணிந்து ஆடினார், மூன்றும் தவறின. கடைசியாக, சுமார் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில், மைதான மையத்தருகே 3 யார்டு தேவைப்பட்ட இடத்தில் பண்ட் அடிக்காமல் ஆடினார். வாஷிங்டன் பந்தை வாங்கி டச் டவுன் போட்டு 36-33 என்று முடித்தது. அன்றிரவு நாட்டில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்றார்கள். அதே பாதிப் பேர்தான் மறு சனிக்கிழமை தங்கள் கோச் பண்ட் அடித்தால் கோழை என்பார்கள். ரசிகர் கோபத்தின் பெரிய ஓட்டை இதுதான். முடிவைப் பார்க்காமல் விளைவைப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறது, தீர்ப்பெழுதியதும் மறந்துவிடுகிறது.

பண்டே அடிக்காத கோச் ஒருவரும் இருந்தார். ஆர்கன்சாஸின் லிட்டில் ராக் நகரில் புலாஸ்கி அகாடமி என்ற பள்ளியில் கெவின் கெல்லி. கிட்டத்தட்ட எல்லா நாலாவது முயற்சியையும் ஆடினார். மாநிலப் பட்டங்களை வரிசையாகக் குவித்தார். ரசிகர்கள் கனவு காணும் கோச். 2021-ல் பிரெஸ்பிட்டீரியன் கல்லூரி அவரைக் கூப்பிட்டது. முதல் ஆட்டத்தில் 84 புள்ளி. சீசன் முடிவில் 2 வெற்றி, 9 தோல்வி. ஒரே ஆண்டோடு விலகினார். கணக்கு தப்பாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்கை நடத்திக் காட்ட ஆட்கள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ரசிகர் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றில் சந்தேகமே கிடையாது. 2023 அக்டோபர் 7-ம் தேதி மியாமி 20-17 என்று முன்னால். நிமிடம்கூட மிச்சமில்லை, ஜார்ஜியா டெக்கிடம் டைம் அவுட்டும் இல்லை. குவாட்டர்பேக் பந்தை வாங்கி முழங்காலிட்டால் ஆட்டம் முடிந்தது. கோச் மாரியோ கிறிஸ்டோபால் பந்தை ஓட வைத்தார். 26 நொடி இருக்கையில் பந்து கைநழுவியது. 1 நொடி மிச்சமிருக்கையில் ஜார்ஜியா டெக் டச் டவுன் போட்டது, 23-20. 2018-ல் ஆரிகன் கோச்சாக ஸ்டான்ஃபர்டிடம் முன்னிலையில் இருந்தபோதும் இவர் அணி இதே போல ஓடி, பந்தை விட்டு, கூடுதல் நேரத்தில் தோற்றது. இங்கே பயிற்சி முகாமில் என்ன நடந்தது, எந்த வீரருக்கு என்ன வலி என்ற உள்விவரம் எதுவும் தேவையில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். வீட்டு சோபாவில் இருப்பவருக்கும் கோச்சுக்கும் ஒரே தகவல். சோபாவில் இருந்தவர்தான் சரி.

அயோவா கதை இந்த மாதிரி எளிதாக முடிவதில்லை.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் 10 வெற்றி, 4 தோல்வி. பதினாலு ஆட்டத்தில் அயோவா எடுத்த மொத்தப் புள்ளி 216, கொடுத்தது 207. ஒன்பது புள்ளி உபரியை வைத்துக்கொண்டு பத்து வெற்றி! நார்த்வெஸ்டர்னை 10-7, இல்லினாயை 15-13, நெப்ராஸ்காவைக் கடைசி நொடி உதையில் 13-10. தோல்வி என்றாலோ பென் ஸ்டேட்டிடம் 31-0, தான் ஆடும் பிக் டென் லீக்கின் இறுதிப் போட்டியில் மிஷிகனிடம் 26-0, சிட்ரஸ் கிண்ணத்தில் டென்னசியிடம் 35-0. மூன்று ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆட்டத்துக்குச் சுமார் 235 யார்டு என்ற கணக்கில் அந்த ஆண்டு முதல்நிலைப் பிரிவின் 133 அணிகளில் கடைசி இடம். அதற்கு முந்தைய ஆண்டு 131-ல் 130-வது.

இப்போது ஒரு சாதாரண சனிக்கிழமையை மனதில் வையுங்கள். நாலாவது முயற்சி, 2 யார்டு தேவை, மைதான மையம். கூட்டம் ஆடு, ஆடு என்று கத்துகிறது. ரோமரின் கணக்கு சராசரி அணிக்கு எழுதியது. நாட்டிலேயே மோசமான ஆஃபென்ஸுக்கு அந்த 2 யார்டு கிடைக்கும் வாய்ப்பு சராசரியைவிடக் குறைவு. மறுபக்கம், நாட்டின் மிகச் சிறந்த பண்டர்களில் ஒருவர் பந்தை எல்லை ஓரத்தில் இறக்குவார். மிகச் சிறந்த டிஃபென்ஸ்களில் ஒன்று அங்கே காத்திருக்கிறது. பண்ட் அடிப்பதுதான் சரி. அடுத்த முறையும் சரி. ஆட்டத்துக்கு ஆறு ஏழு முறை எடுத்த அந்த முடிவு அநேகமாக ஒவ்வொரு முறையும் சரிதான். 7-3 ஆட்டத்தில் இரண்டு சேஃப்டி வந்ததே எதிரணியை எல்லையில் முடக்கிய உதைகளால்தான். அன்று எதிரே நின்ற சவுத் டகோட்டா ஸ்டேட் ஒன்றும் சோப்ளாங்கி அணி இல்லை. அந்த சீசனில் தன் பிரிவின் தேசியப் பட்டத்தையே வென்றது.

கூட்டம் கத்திய இடத்தில் தப்பு இல்லை. ஆனால் தப்பு இருந்தது. பண்டைச் சரியான முடிவாக்கிய அந்த நிலைமையை உண்டாக்கியது யார் என்பதில் இருந்தது. ஆஃபென்ஸ் பட்ட கடனை டிஃபென்ஸ் வட்டியோடு அடைத்துக்கொண்டே இருந்தது. அடைபடுகிற வரைக்கும் கடன் வாங்குகிறவருக்குப் பயம் வராது. ஜெயிக்கிறோமே என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாக் கேள்வியும் அடங்கிப் போனது. களத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நியாயமாக இருப்பதே, களத்துக்கு வெளியே எடுத்த பெரிய முடிவின் கோளாறை மறைத்தது. ஃபெரன்ட்ஸ் பாணியின் பலமும் பலவீனமும் இப்படி ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன.

அந்தப் பெரிய முடிவின் பெயர் பிரயன் ஃபெரன்ட்ஸ். கோச்சின் மகன், 2017 முதல் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அவரைத் திறமையே இல்லாதவர் என்று தள்ளுவது அநியாயம். முதல் ஆண்டிலேயே ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக அயோவா 55 புள்ளி போட்டது அவர் பொறுப்பில்தான். 2023-ல் குவாட்டர்பேக் கேட் மக்நமாரா முட்டிக் காயத்தோடு வெளியேறினார். முக்கியமான டைட் எண்ட்கள் இருவரும் அடிபட்டார்கள். இருந்தாலும் இரண்டு ஆண்டு தொடர்ந்து நாட்டின் அடிமட்டத்தில் கிடந்த ஆஃபென்ஸுக்குப் பொறுப்பானவர் வேறு யாருடைய மகனாக இருந்திருந்தால் 2022 டிசம்பரிலேயே பெட்டி கட்டியிருப்பார்.

அப்பாவுக்குக் கீழே மகன் வேலை செய்யக் கூடாது என்ற விதி அங்கேயும் உண்டு. அதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பிரயன் தந்தைக்குப் பதில் சொல்ல வேண்டாம், விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டாவுக்குப் பதில் சொல்வார். காகிதத்தில் சுத்தமாக இருந்தது. ஆனால் தினமும் காலையில் ஒரே மீட்டிங் அறையில் உட்கார்ந்து, எந்த ஆட்டம் யாருக்கு என்று பேசுவது தந்தையும் மகனும். இருபது வருஷத்துக்கு மேலாக வேரூன்றிய கோச்சின் மகனை இயக்குநர் எந்த முகத்தோடு கண்டிப்பார்?

2023 பிப்ரவரியில் பார்ட்டா ஒரு வழி கண்டுபிடித்தார். பிரயனின் சம்பளத்தில் 50,000 டாலர் வெட்டி 8.5 லட்சமாக்கினார். புது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: அணி சராசரியாக ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்க வேண்டும், குறைந்தது ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் வேலை தொடராது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலே சிரித்தது. 13 ஆட்டம், ஆட்டத்துக்கு 25 என்று பெருக்கி, 325-ஐ நோக்கி என்று ரசிகர்கள் வாராவாரம் கணக்கெழுத ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டத்தில் யூட்டா ஸ்டேட்டை 24-14 என்று வென்றபோது, வெற்றியைவிட அந்த ஒரு புள்ளிக் குறைதான் பேச்சாக இருந்தது.

அந்த நிபந்தனையின் அபத்தம் ஒரு விவரத்தில் இருக்கிறது: டிஃபென்ஸ் போடும் டச் டவுனும் அதில் சேரும், சேஃப்டியும் சேரும், உதையைத் திருப்பி ஓடி எடுத்த புள்ளியும் சேரும். ஆஃபென்ஸ் கோச்சின் வேலையை ஃபில் பார்க்கரின் ஆட்களே காப்பாற்றிக் கொடுக்கலாம்! ஒரு மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்று நேருக்கு நேர் கேட்க முடியாத நிர்வாகம், அந்தக் கேள்வியை ஸ்கோர் போர்டிடம் ஒப்படைத்துவிட்டது. ரசிகரின் கோபம் நியாயமாகப் பாய வேண்டிய இடம் நாலாவது முயற்சி அல்ல, இதுதான். ஆனால் இதை ஸ்டேடியத்தில் நின்று ஊளையிட முடியாது.

அக்டோபர் 21-ல் மின்னசோட்டா ஆட்டம். 12-10 என்று அயோவா பின்தங்கியிருக்க, கடைசி நிமிடங்களில் கூப்பர் டிஜீன் எதிரணியின் பண்டைப் பிடித்து 54 யார்டு ஓடி எல்லையைத் தாண்டினார். ஸ்டேடியமே எழும்பியது. வீடியோவைப் பார்த்த நடுவர்கள், பிடிக்கும் முன் அவர் இடக்கை அசைந்ததைப் பந்தைப் பிடித்து நிற்பேன் என்பதற்கான தவறான சைகை என்று சொல்லி ரத்து செய்தார்கள். 1999-க்குப் பிறகு முதல் முறையாகக் கின்னிக்கில் மின்னசோட்டா ஜெயித்தது. ஃப்ளாய்ட் ஆஃப் ரோஸ்டேல் என்ற வெண்கலப் பன்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. மாநிலமே நடுவர்களைத் திட்டியது, அந்தக் கை அசைவை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தது. அந்த ஆட்டம் முழுவதும் அயோவா ஆஃபென்ஸ் எடுத்தது 127 யார்டு. கோபத்துக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது; கை அசைந்ததா இல்லையா என்பதில் கிடைக்கும் திருப்தி, 127-ஐப் பார்ப்பதில் கிடைப்பதில்லை.

ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 30-ல், பார்ட்டா ஓய்வுபெற்ற பிறகு இடைக்கால இயக்குநராக இருந்த பெத் கோட்ஸ், சீசன் முடிந்ததும் பிரயன் தொடர மாட்டார் என்று அறிவித்தார். 25 புள்ளிக் கணக்கு முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. சீசன் நடுவில் அறிவித்தது கர்க் ஃபெரன்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. எனக்கு இதில் கோட்ஸ் பக்கம்தான். ஒரு அதிகாரி தன் தீர்ப்பைத் தானே எழுதினார், அவ்வளவுதான். அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் யாரும் செய்யாத காரியம்.

இவ்வளவு நேரம் ஃபுட்பால் பேசிக்கொண்டு, அதைவிடக் கனமான ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. 2020-ல் பல முன்னாள் கறுப்பின வீரர்கள் அணிக்குள் தங்களுக்கு நேர்ந்த இனப் பாகுபாட்டைப் பொதுவெளியில் சொன்னார்கள். உடற்பயிற்சி கோச் பணம் பெற்றுக்கொண்டு விலகினார். வழக்கு 2023-ல் 41.75 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. சனிக்கிழமை பண்டைப் பற்றிக் கத்திய அளவுக்கு இதைப் பற்றி ரசிகர் கூட்டம் கத்தியதாக எனக்குப் படவில்லை. நீண்ட காலம் ஒரே கையில் இருக்கும் அணியில் எது கண்ணில் படும், எது படாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். ஃபெரன்ட்ஸின் நிலைத்தன்மையைப் பாராட்டுகிறவர்கள், நானும் சேர்த்து, அதன் விலைப்பட்டியலில் இதையும் எழுத வேண்டும்.

மகன் போன பிறகு என்ன ஆயிற்று? டிம் லெஸ்டர் என்ற வெளியாள் வந்தார். வெஸ்டர்ன் மிஷிகனின் பழைய ஹெட் கோச். 2024-ல் கலேப் ஜான்சன் 1,537 யார்டு ஓடினார். ஆட்டத்துக்குச் சராசரி 27.7 புள்ளி. பார்ட்டாவின் 25-ஐத் தாண்டியாகிவிட்டது. வெற்றியோ 8, தோல்வி 5. புள்ளி கிட்டத்தட்ட இரட்டிப்பு, வெற்றி இரண்டு குறைவு! அப்படியானால் பழைய முறையே மேல் என்று ஃபெரன்ட்ஸ் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். இதுவும் விளைவைப் பார்த்து எழுதிய தீர்ப்புதான். 2023-ல் மயிரிழையில் வென்ற ஆட்டங்கள் இன்னொரு ஆண்டு மறுபக்கம் சாய்ந்திருக்கலாம். ஒன்பது புள்ளி உபரியில் பத்து வெற்றி என்பது ஆண்டுதோறும் கிடைக்கும் வரும்படி அல்ல.

2024-லும் ஒரு குறை அப்படியே இருந்தது: நம்பிப் பந்தை எறிய ஒரு குவாட்டர்பேக் இல்லை. நவம்பரில் யுசிஎல்ஏவிடம் 20-17 என்று தோற்றபோது ரசிகர்கள் மறுபடி பொங்கினார்கள். இந்த முறை கோபம் பண்டின் மேல் இல்லை, ஆள் சேர்ப்பின் மேல்: மூன்று நாலு வருஷம் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு வீரர்கள் தாவும் இந்தக் காலத்துக்கு ஏற்ப ஏன் தேர்ந்த குவாட்டர்பேக் ஒருவரைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள். சரியான இடத்தில் விழுந்த கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். 2025 ஜனவரியில் ஃபெரன்ட்ஸ் கூட்டிவந்தார். வந்தவர் மார்க் க்ரோனாவ்ஸ்கி. அந்த 7-3 ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்குக் குவாட்டர்பேக்காக நின்று, டோரி டெய்லரின் உதைகளால் எல்லை ஓரத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டவர்.